மேட்டுப்பாறை வளை

கருங்காலிக் காட்டின் அடிவாரத்தில் சகதிப்பள்ளம் என்று ஓர் இடம் இருந்தது. அங்கே வங்கன் என்ற உடும்பும் அவன் மனைவி செவலியும் குடியிருந்தார்கள்.

பள்ளம் என்றால் பள்ளம்தான். காட்டில் பெய்கிற மழையெல்லாம் வந்து தேங்குகிற இடம் அது. அழுகிய இலை, முறிந்த கிளை, மேலே இருப்பவர்கள் தின்று உருட்டிவிட்ட கொட்டை, தோல் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். எலி, தேரை, பெருச்சாளி, முயல், ஓணான் என்று எத்தனையோ குடும்பங்கள். வளைக்கு வளை இடைவெளியே கிடையாது. ஒருவர் தும்மினால் பக்கத்து வளைக்காரர் தூக்கம் கலைந்து திட்டுவார்.

மழைக்காலம் வந்தால் வளைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். செவலி இட்ட முட்டைகள் இரண்டு வருடமாக அப்படித்தான் போயின. முதல் வருடம் பதினாறு. அடுத்த வருடம் இருபது.

இரண்டாவது முறை செவலி அழக்கூட இல்லை. தண்ணீர் வடிந்ததும் வளைக்குள் போனாள். ஊறிப்போன முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து வெளியே வைத்தாள். பக்கத்துப் புதரில் சருகி என்ற சருகுமான் இருந்தாள். முயலைவிடச் சற்றே பெரியவள், சத்தமில்லாமல் நடப்பவள். அவள் வந்து தன் சின்னக் குளம்பால் மண்ணைக் கீறிக் குழி பறித்துக் கொடுத்தாள். மூவரும் சேர்ந்து முட்டைகளை மூடினார்கள்.

அன்றைக்கே வங்கன் மேட்டுப்பாறைக்கு ஏறிப் போனான். அங்கேதான் தண்ணீர் ஏறாத வளைகள் இருந்தன. ஒரு முள்ளம்பன்றியிடம் போய், "ஐயா, ஒரு ஓரமா எங்களுக்கு எடம் கிடைக்குமா?" என்று கேட்டான்.

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது. "பள்ளத்து ஆளா நீ? வரும்போதே நாத்தம் வருதே! கீழே போ, கீழே போ!" என்றது.

வங்கன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தான். பாதி வழியில் ஒரு குரல் கேட்டது.

"டேய் வங்கா! மூஞ்சியை ஏன்டா இப்படி வெச்சிருக்கே?"

துடியன் என்ற கீரி! அவனும் பள்ளத்தில் பிறந்தவன்தான். சின்ன வயதில் வங்கனோடு சேர்ந்து நத்தை பொறுக்கியவன். இப்போது அவன் முடி மினுமினுத்தது. வயிறு நிறைந்து உருண்டிருந்தது.

வங்கன் நடந்ததைச் சொன்னான். துடியன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கெஞ்சினா யாருடா வளை குடுப்பான்? என்கூட வா. கொம்பையா அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போறேன். உன் பிடி என்ன பிடின்னு உனக்கே தெரியாது!"

கொம்பையா என்பவன் ஒரு காட்டுப்பன்றி. அந்தக் காட்டில் கோடைக்கு வற்றாத தண்ணீர் ஆனைமடு ஒன்றுதான். மடுவுக்குப் போக இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரே இடுக்கு வழி. கொம்பையாவும் அவன் ஆட்களும் அந்த இடுக்கில் முள்ளை அடைத்துப் படுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்குப் போகிறவர்கள் கிழங்கோ, பழமோ, தேனடையோ ஏதாவது ஒரு பங்கு வைத்தால்தான் வழி. வைக்காதவர்களின் வளை மறுநாள் இருக்காது.

வங்கன் போய் நின்றான். கொம்பையா அவனை மிரட்டவில்லை. ஒரு கிழங்கை மூக்கால் உருட்டிவிட்டான்.

"சாப்ட்டியா தம்பி? மொதல்ல தின்னு. அப்புறம் பேசலாம்."

வங்கன் தின்றான். அவ்வளவு பெரிய கிழங்கை அவன் முழுதாகப் பார்த்ததே இல்லை.

"நானும் ஒரு பள்ளத்துல பொறந்தவன்தான். என்கூடப் பொறந்தது ஒம்போது. வெள்ளத்துக்கு அப்புறம் மிஞ்சினது நான் ஒருத்தன். அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தக் காடு நமக்கு எதையும் எடுத்துக் குடுக்காது. நாமதான் எடுத்துக்கணும். உனக்கு என்ன வேணும்?"

"தண்ணி ஏறாத ஒரு வளை வேணும் அண்ணே. செவலி அடுத்த முட்டை இடறதுக்குள்ள."

"கிடைக்கும்," என்றான் கொம்பையா.

அது போதும் வங்கனுக்கு.

வேலை கஷ்டமானதாக இல்லை. பங்கு வைக்காதவர்களின் வளைக்குள் வங்கன் நுழைவான். வாலையோ காலையோ பிடிப்பான். பிடித்தால் விடமாட்டான். வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வளை வாயில் கல்லைத் திணித்து அடைப்பான். முதல் நாள் ஒரு பெருச்சாளியை இழுத்துப் போட்டான். 'கடிக்கலையே, கீறலையே, சும்மா இழுத்துத்தானே விட்டேன்!' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நாலாவது நாள் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் மறந்துபோனான்.

மேட்டுப்பாறையில் செதிலையா என்ற அழுங்கு இருந்தார். உடம்பு முழுக்கச் செதில் போர்த்தவர். எறும்பும் கரையானும் தின்று வாழ்பவர். அவர் மட்டும் பங்கே வைக்கவில்லை.

"நான் எறும்பு திங்கிறவன். எறும்பைக் கூறு போட்டா குடுக்கறது?" என்று கேட்டுவிட்டுச் சுருண்டு கொள்வார். சுருண்டால் அவ்வளவுதான். உருண்டைக் கல்லைப் போல ஆகிவிடுவார். கொம்பையாவின் தந்தமும் அவரிடம் வேலைக்கு ஆகவில்லை.

"இதை நீதான் பாக்கணும் வங்கா," என்றான் கொம்பையா. "முடிச்சேன்னா அந்த வளை உனக்கு."

வங்கன் போய் வளை வாசலில் படுத்தான். ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தாகம் தாங்காமல் செதிலையா வெளியே வந்தார். பாறைக் குழியில் இருந்த கொஞ்சம் தண்ணீரை நக்கினார். அவர் திரும்பி வருவதற்குள் வங்கன் வளைக்குள் இருந்தான். சுவரில் நகத்தைப் பதித்து, உடம்பை ஊதிப் பெருக்கிக்கொண்டான். இனி எவராலும் அவனை அசைக்க முடியாது.

செதிலையா வாசலில் நின்றார். "தம்பி, நீ உள்ளே இருக்கிறது என் வீடுதானே?" என்று கேட்டார்.

"இருந்துச்சு," என்றான் வங்கன்.

"அப்படியா!" என்றார் அவர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு மெல்ல மெல்லச் சரிவில் இறங்கிப் போனார். எங்கே போகிறார் என்று வங்கன் கேட்கவில்லை.

செவலி அந்த வளைக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே காய்ந்த மண் வாசனை அடித்தது. தரையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரமே இல்லை!

"யாரோடது இது?" என்று கேட்டாள்.

"காலியாக் கெடந்துச்சு."

சுவரெல்லாம் புதிய நகக் கீறல்கள் இருந்தன. செவலி அவற்றைப் பார்த்தாள். அவளுக்கு வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பதினெட்டு முட்டைகள் இட்டாள். மண்ணை அணைத்து மூடினாள். உடும்பின் முட்டை, இட்ட இடத்திலேயே அசையாமல் கிடக்க வேண்டும். புரட்டினாலோ வேறிடத்துக்கு மாற்றினாலோ உள்ளே இருக்கும் குஞ்சு செத்துவிடும். அதனால் செவலி அந்தப் பக்கம் நடக்கும்போதுகூடக் காலைப் பார்த்து வைத்தாள்.

மறுநாள் அவள் மடுவுக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு முயல் அவளைக் கண்டதும் சட்டென்று விலகியது.

"நீங்க மொதல்ல குடிங்கம்மா! நாங்க அப்புறம் குடிச்சிக்கறோம்!"

செவலிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளை யாரும் அதுவரை 'அம்மா' என்று கூப்பிட்டதில்லை. ஆனால் அடுத்த நாளும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த நாள் அவள் வருவதைப் பார்த்ததும் மடுக்கரையே காலியாகிவிட்டது. முயல் குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டு அவளைப் பார்த்தன. ஒரு வார்த்தை பேச ஆளில்லை.

பேசியவள் சருகி ஒருத்திதான். அவள் சொல்லித்தான் செவலிக்கு விஷயம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் செவலி வங்கனிடம், "இந்த வளையில இருந்தவரு இப்ப எங்க இருக்காரு தெரியுமா? நம்ம பழைய வளையில! அந்தச் சகதியில!" என்றாள்.

வங்கன் மண் மேட்டைப் பார்த்தான். பிறகு, "முட்டை நனைஞ்சுதா?" என்று கேட்டான்.

"நனையல."

"அப்புறம் என்ன?"

 செவலியும் அந்த முட்டைகளைத்தான் பார்த்தாள்.

கோடை கடுமையானது. ஓடைகள் வறண்டன. கிழங்குக் கொடிகள் கருகின. பங்கு வைக்க எவரிடமும் எதுவும் இல்லை. கொம்பையா மட்டும் பங்கைக் குறைக்கவில்லை. இடுக்கு வழியைக் காக்கும் பொறுப்பை வங்கனுக்கும் துடியனுக்கும் கொடுத்திருந்தான்.

ஒரு மத்தியானம் சருகி வந்தாள். முன்னங்காலில் முள் ஏறி வீங்கியிருந்தது. நொண்டி நொண்டி வந்து நின்றாள்.

"வங்கா, நான் ஒண்ணும் கொண்டு வரல. இந்தக் காலை வெச்சிக்கிட்டு எங்க போய்த் தேடறது? ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிடறேன்," என்றாள்.

துடியன் வங்கனின் காதருகே வந்தான். "விட்டுடுடா. நம்ம பள்ளத்து ஆளு. அண்ணன் கேட்டா நான் பேசிக்கறேன்," என்றான்.

வங்கன் திரும்பிப் பார்த்தான். சற்றுத் தள்ளி மர நிழலில் கொம்பையா படுத்திருந்தான். கண் மூடியிருந்தது. ஆனால் காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முட்டை பொரிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. இந்த நேரத்தில் ஒரு பிசகு வந்தால்?

"பங்கு இருந்தாத்தான் வழி!" என்றான் வங்கன், கொம்பையாவுக்குக் கேட்கும்படி.

"வங்கா, நான்டா!"

"யாரா இருந்தாலும்."

சருகி அவனையே பார்த்தாள். திட்டவில்லை. திரும்பி, மடுவுக்குப் பின்புறம் உள்ள வழுக்குப் பாறைப் பக்கமாக நடந்தாள். அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கித் தண்ணீரைத் தொடலாம். நாலு காலும் நன்றாக இருக்கும் வரையாடுகூட அந்த வழியில் யோசித்துத்தான் கால் வைக்கும். வங்கன் அவள் போவதைப் பார்த்தான். கூப்பிட வாய் திறந்தான். கொம்பையாவின் காது ஆடியது. வாயை மூடிக்கொண்டான்.

வெயில் சாய்வதற்குள் செய்தி வந்துவிட்டது. சருகி பாறையடியில் கிடந்தாள். வாய் தண்ணீரைத் தொடவே இல்லை.

வங்கன் போய்ப் பார்த்தான். அவளுடைய குளம்புகள் எவ்வளவு சின்னவை என்று அன்றுதான் கவனித்தான். 

அடுத்த வாரம் யானைக்கூட்டம் வந்து சேர்ந்தது. வருடத்துக்கு ஒருமுறை மூங்கில் காய்கிற சமயத்தில் அவை அந்தக் காட்டுக்கு வரும். யானைகளிடம் கொம்பையாவின் அதட்டல் செல்லாது. அவை வந்தால் கொம்பையா முட்களை ஒதுக்கி வைத்துவிட்டு நல்லவனைப் போல நிற்பான். அவன் ஆட்களும் கூடவே நிற்பதால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். யானைகள் குளித்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடும்.

ஆனால் இந்த முறை கூட்டத்தின் தலைவி மலையாத்தி பாறையடியில் கிடந்த எலும்பைப் பார்த்துவிட்டாள். நேரான வழி இருக்கும்போது ஒரு சருகுமான் ஏன் வழுக்குப் பாறைக்குப் போனாள் என்று கேட்டாள். பதில் சொல்ல எவரும் முன்வரவில்லை.

"நாளைக்குக் காலையில எல்லாரும் மடுக்கரைக்கு வாங்க. தெரியாம நான் இங்கேருந்து போகமாட்டேன்!" என்றாள் மலையாத்தி.

கொம்பையா வங்கனைத் தனியே அழைத்தான். வழக்கம்போல ஒரு கிழங்கை உருட்டிவிட்டான். வங்கன் அதைத் தொடவில்லை.

"நாளைக்கு ஒருத்தன் மேல பழி விழுந்தாகணும்," என்றான் கொம்பையா அமைதியாக. "துடியன் இப்பல்லாம் இளகிப் போயிட்டான். போற வரவனுக்கெல்லாம் பாவம் பாக்கறான். அவன் எனக்கு இனி ஒத்துவரமாட்டான். சருகியைத் தடுத்தவன் துடியன்னு நீ சொல்லு. கண்ணால பார்த்தேன்னு சொல்லு."

"அண்ணே, அவன் விடச் சொன்னான். நான்தான்..."

"எனக்குத் தெரியும். நான் தூங்கல." கொம்பையா தன் தந்தத்தைப் பாறையில் மெல்ல உரசினான். "செவலி நல்லா இருக்காளா? முட்டை பொரியிற நேரம் வந்துடுச்சு இல்ல? பொரியிற வரைக்கும் அதை அசைக்கக்கூடாதாமே! பாத்துக்கோ."

வங்கன் வளைக்கு வந்தான். ஒன்றும் மறைக்காமல் செவலியிடம் சொன்னான். சருகி வந்து நின்றதையும், துடியன் சொன்னதையும், தான் சொன்னதையும் சொன்னான்.

செவலி நெடுநேரம் முட்டை மூடிய மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் பறிகொடுத்தவ நான். மூணாவது தடவையும் தாங்கிக்குவேன்னு நினைக்காதே," என்றாள்.

"சரி."

"இரு, நான் இன்னும் முடிக்கல. அன்னிக்கு நம்ம முட்டைங்களுக்குக் குழி பறிச்சது யாரு? நீயா, நானா? நம்ம ரெண்டு பேருக்கும் கையே ஓடலை. அவதான் பறிச்சா." செவலி மண் மேட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "நீ என்ன சொல்லணும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவ பேருல ஒரு பொய்யைச் சொல்லிட்டு, இந்த முட்டைங்க பக்கத்துல வந்து படுக்காதே!"

விடிந்தது. மடுக்கரையில் காடே கூடியிருந்தது. பள்ளத்துக்காரர்கள் ஓர் ஓரமாக ஒடுங்கி நின்றார்கள். அவர்களுக்கு நடுவே செதிலையாவும் நின்றார். அவர் செதில்களில் சகதி காய்ந்து வெடித்திருந்தது. செவலி வரவில்லை. வளையை விட்டு நகர அவளுக்குப் பயம்.

"அந்தச் சருகுமானை இந்த வழியில விடாம தடுத்தது யாரு?" என்று கேட்டாள் மலையாத்தி.

கொம்பையா வங்கனைப் பார்த்தான். துடியனும் வங்கனைப் பார்த்தான். துடியனுக்கு ஒன்றும் தெரியாது. 'ஏதாவது சொல்லிச் சமாளிடா' என்பது போலக் கண்ணைச் சிமிட்டினான்.

வங்கன் முன்னால் வந்தான். 

"நான்தான் தடுத்தேன்!" என்றான். "துடியன் விடச் சொன்னான். நான் கேக்கல. பங்கு இல்லாம விட்டா அண்ணன் கோவிச்சுக்குவாருன்னு பயந்தேன்."

"என்ன பங்கு?" என்று கேட்டாள் மலையாத்தி.

 வங்கன் சொல்ல ஆரம்பித்தான். இடுக்கில் முள் அடைப்பதைச் சொன்னான். பங்கு வைக்காதவர்களைத் தான் இழுத்துப் போட்டதைச் சொன்னான். செதிலையாவின் வாசலில் மூன்று நாள் படுத்திருந்ததைச் சொன்னான். துடியன் மேல் பழி போடச் சொன்னதையும் சொன்னான். துடியனின் வால் அப்படியே விறைத்துப் போயிற்று.

"பொய்!" என்று உறுமினான் கொம்பையா. "பள்ளத்துப் பய சொல்றதை நம்பாதீங்க!"

அப்போது ஒரு சின்னத் தேரை கத்தியது: "பொய் இல்ல! எங்க வளையையும் அடைச்சாங்க!"

"எங்களுதும்!" என்றது ஒரு பெருச்சாளி.

"எங்களுதும்!" "எங்களுதும்!" என்று நாலாபுறமும் குரல்கள் எழுந்தன. மேட்டுப்பாறை முள்ளம்பன்றிகூட, "நானும் மூணு மாசமாப் பங்கு வெச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!" என்று கத்தியது.

கொம்பையாவின் ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிப் புதருக்குள் மறைந்தார்கள். மலையாத்தி நடந்து போய் இடுக்கு வழியில் நின்றாள். ஒதுக்கி வைத்திருந்த முட்களைக் காலால் மிதித்துப் பொடியாக்கினாள். பிறகு கொம்பையாவின் பக்கம் திரும்பினாள்.

"இந்த மடு எங்களுக்கே சொந்தமில்ல. உனக்கு எப்படிச் சொந்தமாச்சு? கிளம்பு! இனிமே இந்தக் காட்டுல உன் குளம்புத் தடத்தைப் பார்க்கக்கூடாது!"

கொம்பையா ஓடவில்லை. வங்கனுக்கு அருகே வந்து நின்றான். "உனக்கு வளை குடுத்தவன்டா நான்!" என்றான்.

"நீங்க குடுத்தது உங்க வளை இல்லையே அண்ணே," என்றான் வங்கன்.

கொம்பையா திரும்பி நடந்தான். மேற்குச் சரிவில் அவன் முதுகு மறையும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உண்மையைச் சொன்னே. அதனால உன்னை விரட்டல," என்றாள் மலையாத்தி வங்கனிடம். "ஆனா செத்தவ திரும்பி வரமாட்டா. வளையை அவருக்குத் திருப்பிக் குடு. இன்னிக்கே!"

வங்கன் தலையாட்டினான். கண்ணில் நீர் முட்டியது. முட்டைகளைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. கேட்க அவனுக்கு என்ன உரிமை?

செதிலையா முன்னால் நடந்தார். வங்கன் பின்னால் போனான். வளைக்குள் எட்டிப் பார்த்த செதிலையா, மண் மேட்டைக் காத்துக்கொண்டு செவலி படுத்திருப்பதைக் கண்டார். சட்டென்று தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"எப்பப் பொரியும்?" என்று கேட்டார்.

"இருபது நாள்ல, ஐயா," என்றாள் செவலி உள்ளேயிருந்து.

"முட்டைங்க என்ன பாவம் பண்ணிச்சு? பொரியட்டும். அதுவரைக்கும் நான் வெளியே சுருண்டு கெடக்கறேன்." பிறகு வங்கனைப் பார்த்தார். "நீ மட்டும் உள்ளே போகக்கூடாது!"

அப்படியே நடந்தது. வளைக்கு இந்தப் பக்கம் செதிலையா கிடந்தார். அந்தப் பக்கம் வங்கன் கிடந்தான். வெயில் இருவரையும் காய்ச்சியது. வங்கன் கரையான் புற்றுகளைத் தேடிப் போய், எங்கே இருக்கின்றன என்று அவருக்கு வந்து சொல்வான். அவர் எழுந்து போய்த் தின்றுவிட்டு வருவார்.

ஒரு நாள் வங்கன், "என்னை மன்னிச்சிடுங்க ஐயா," என்றான்.

"அதை இன்னிக்குக் கேக்காதே தம்பி," என்றார் செதிலையா. "எனக்கு இன்னும் கோவம் தீரல. தீர்ந்தா நானே சொல்றேன்."

துடியனும் ஒரு நாள் வந்தான். வேறு காட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னான்.

"எனக்காகவாடா அன்னிக்கு உண்மையைச் சொன்னே?" என்று கேட்டான்.

வங்கன் யோசித்தான். "உனக்காகவும்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா சருகி என்னைப் பார்த்துட்டுப் போன பார்வை இருக்கே, அதை என்னால தூக்கிச் சுமக்க முடியலடா," என்றான்.

துடியன் அவன் முதுகில் மூக்கால் ஒருமுறை தட்டிவிட்டுப் போனான்.

இருபத்திரண்டாம் நாள் மண் அசைந்தது. பதினெட்டில் பதினொரு குஞ்சுகள் தலையை நீட்டின. செவலி ஒவ்வொன்றையும் நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இங்க வந்து பாருங்க!" என்று கத்தினாள். வங்கன் வாசலில் நின்று செதிலையாவைப் பார்த்தான். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "போய்ப் பாரேன்," என்றார்.

இரண்டு நாளில் அவர்கள் வளையைக் காலி செய்துவிட்டுப் பள்ளத்துக்கு இறங்கினார்கள். அங்கே வங்கனுடன் யாரும் பேசவில்லை. குஞ்சுகளுக்கு மட்டும் பெருச்சாளிப் பிள்ளைகள் விளையாட்டுக் காட்டின.

வங்கன் சும்மா இருக்கவில்லை. பள்ளத்தின் கிழக்கே தண்ணீர் எட்டாத உயரத்தில் ஒரு கரடு இருந்தது. சரளைக் கல்லும் கெட்டி மண்ணுமாக இருந்ததால் எவரும் அங்கே தோண்டியதில்லை. அவன் தினமும் விடிந்ததும் போய் அதைக் குடைந்தான். செவலியும் மண்ணைத் தள்ளிக் கொடுத்தாள். அவனுடைய நகங்களில் இரண்டு முறிந்தன. ஒரு கையால் தோண்டிக்கொண்டே, மறு கை ஆறும்வரை காத்திருந்தான்.

ஒரு நாள் தேரை ஒன்று தத்தித் தத்தி வந்து நின்றது. "ஒரு குடும்பத்துக்கு எதுக்கு இவ்வளவு பெருசு? மறுபடியும் யாரையாவது அடைச்சு வைக்கப் போறியா?" என்று கேட்டது.

"இல்ல. தண்ணி ஏறினா யாரு வேணும்னாலும் வந்து இருந்துக்கலாம்," என்றான் வங்கன்.

தேரை நம்பவில்லை. ஆனாலும் போய் மற்றவர்களிடம் சொல்லியது.

மழை வந்தது. முதல் நாள் தூறல். மூன்றாம் நாள் கொட்டு கொட்டென்று கொட்டியது. பள்ளத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. வங்கனும் செவலியும் குஞ்சுகளோடு கரட்டு வளையில் இருந்தார்கள். வாசலில் ஒருவரையும் காணவில்லை. வங்கன் மழையில் இறங்கி நடுவழிவரை போனான். அங்கே நின்று, "வாங்க! மேலே வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

முதலில் வந்தது அந்தத் தேரைதான். பின்னாலேயே ஓர் எலி தன் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. வங்கன் கை நீட்டினான். எலி ஒரு கணம் தயங்கியது. அந்தக் கையின் பிடியைப் பற்றி அதற்குத் தெரியும். பிறகு குட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறியது.

பள்ளத்திலிருந்து மேலேறுவதற்காக இன்னொருவரைப் பள்ளத்தில் தள்ளுகிறவன், எவ்வளவு உயரத்தில் குடியிருந்தாலும் பள்ளத்தை விட்டு வந்தவன் ஆகமாட்டான்.